தும்புத்தடித் துவக்கு

சிசிலியின் பலெர்மோவில் இருந்த ஆண்டுகளைப் பற்றி விசாரிப்பவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். கடல் எப்படி, சாப்பாடு எப்படி, துவக்குச்சூடு அதிகமோ. முதல் இரண்டுக்கும் எல்லாரும் சொல்வதையே நானும் சொல்வேன். மூன்றாவதற்கு மட்டும் என்னிடம் சொந்தமாக ஒரு பதில் இருக்கிறது. அந்த நகரத்தில் எனக்கு நெருங்கிப் பழக்கமான துவக்கு ஒன்றுதான், அதையும் நானே செய்தேன். வீடு கூட்டும் தும்புத்தடி ஒன்று, ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய், உடைந்த கதிரையின் முதுகுப்பலகை, ஒரு ஜாம் போத்தல் மூடி. அதனால் எவரும் சுடப்படவில்லை. ஆனால் அது ஒரு மனிதரை மான் வேட்டைக்கு அமெரிக்கா அனுப்பி வைத்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் பொலிதேயாமாப் பக்கம் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வேலை செய்தேன். காலையில் போய்ப் பின்னேரம் திரும்புவேன். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பை முடித்தவள், இங்கே சூடான அழுத்துப்பெட்டியால் சட்டைக் கொலர்களை அழுத்திக்கொண்டிருந்தேன். முறைப்பாடு எதுவும் இல்லை. கொலரும் ஒருவகை வடிவியல்தான்.

வீட்டில் இரண்டே பேர், நான் சிஞ்ஞோரே என்று கூப்பிட்ட ஐயாவும் சிஞ்ஞோரா என்று கூப்பிட்ட அவருடைய மனைவியும். சிஞ்ஞோரே மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டுத் திறக்கும் மனிதர். சிஞ்ஞோரா கதவைத் தட்டியதை நான் பார்த்ததில்லை; அவர் வருகிறார் என்று தெரிந்தால் கதவுகள் தாமாகவே திறந்துகொள்ளும் என்று நினைப்பேன். அவர்கள் பேசியது இத்தாலியன், கோபம் வந்தால் சிசிலியன். எனக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கோடையில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த ஒரு நாள், சிஞ்ஞோரே பூசணி அளவு முழு வத்தகப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினார். இரண்டாம் மாடியில் விழுந்தார். பழத்தைக் காப்பாற்றிவிட்டார். வலது தோளைக் காப்பாற்ற முடியவில்லை. கை முன்னும் பின்னும் அசையும். முழங்கையை மேலே தூக்க முடியாது. அந்தத் தோளில் இனித் துவக்குப் பிடங்கை வைக்கக்கூடாது, ஒரு வெடியின் உதைப்பைக்கூட அது தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

வேறு வருடமாக இருந்தால் அவர் பேசாமல் கேட்டிருப்பார். ஆனால் அவருடைய அண்ணர் ஒருவர் பென்சில்வேனியாவில் இருந்தார். இளம் வயதில் போய், மேசன் வேலை செய்து, காட்டோரம் ஒரு மரக்குடில் வாங்கியவர். ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டைக்கு வா என்று தம்பியைக் கூப்பிடுவார். ஒவ்வொரு கார்த்திகையும் தம்பிக்கு மருந்துக்கடை இருந்தது. இப்போது தம்பிக்குக் கடை இல்லை, அண்ணருக்கு முழங்கால் இல்லை. இந்த வருடத்தோடு சரி, பனி கரைந்ததும் குடிலை விற்கிறேன் என்று அவர் தொலைபேசியில் சொன்ன அன்று, சிஞ்ஞோரே இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சூப்பைக் காலையிலேயே குடித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"இடப்பக்கத்துத் தோளிலை வைச்சுச் சுடலாம்," என்றார் கடைசியில். "பழகினால் வரும்."

சிஞ்ஞோரா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "பழகினால் வரும். மான் வந்தால் போகும். மானைக் கண்டதும் உங்கடை தலை நிண்டுபோகும், கை பழையபடி வலப்பக்கம் தாவும், குழல் ஒரு சுத்துச் சுத்தும். பக்கத்திலை ஆர் இருப்பார்? உங்கடை அண்ணர். மரணவீட்டுக்கு அமெரிக்கா போக எனக்கு உடுப்பில்லை."

"நான் அவ்வளவு விசரனில்லை."

"வத்தகப்பழத்தைக் கேட்டுப் பாருங்கோ."

பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார். எந்தக் கலவரத்திலும் யோசிக்காமல் இடது கைதான் முதலில் வரும் என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் போகலாம். பார்க்காவிட்டால், அண்ணர் குடிலை விற்றபின் கடலோரம் வந்து நிற்கட்டும், மீன் பிடிக்கலாம்.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. அழுத்தும் மேசையை எல்லாரையும் போல வைக்காமல் மறுபக்கம் திருப்பி வைத்திருந்ததை அன்றுதான் சிஞ்ஞோரே கவனித்தார் போல.

"நீ மன்சினாவோ?"

"ஓம், சிஞ்ஞோரே. இடக்கைதான்."

"எனக்கும் பழக்கிவிடு."

இதில் ஒரு விஷயத்தை இங்கேயே விளக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இடது கையால் எழுத விடுவதற்கே பெரிய வழக்கு நடந்தது. எழுத, வரைய, வெட்ட, தைக்க இடது கைக்கு அனுமதி கிடைத்தது. சாப்பிட, கொடுக்க, வாங்க, விளக்கேற்ற, திருநீறு எடுக்க வலது கைதான். என் இரண்டு கைகளும் இரண்டு திணைக்களங்கள். ஒன்று வேலைக்கு, மற்றது மரியாதைக்கு. ஒன்றின் கோப்பு மற்றதன் மேசைக்குப் போகாது. இதை நான் ஒருபோதும் விதியாக நினைத்ததில்லை. மூச்சு விடுவது போல அது நடந்துகொண்டிருந்தது.

கருவிகள்தான் இடக்கைக்காரியை நின்று நிதானித்துப் பார்க்கும். கத்தரிக்கோல் பார்க்கும். அகப்பையின் மூக்குப் பார்க்கும். அழுத்துப்பெட்டியின் வயர் பார்க்கும். தகர டின் திறக்கும் சாவி பார்ப்பது மட்டுமல்ல, கடிக்கும். ஆகவே துவக்கு என்று சிஞ்ஞோரே சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி அது எந்தப் பக்கத்துக்காரருக்குச் செய்தது என்பதுதான்.

அவருடைய துவக்குகள் பூட்டிய இரும்பு அலுமாரியில் இருந்தன. நான் அவற்றைத் தொட்டதில்லை, தொடவும் விரும்பவில்லை. அவர் பென்சிலால் கீறிக் காட்டினார். அவர் வைத்திருந்தது கதவுத் தாழ்ப்பாள் போல இழுக்கும் வகை. ஒரு வெடி வைத்த பிறகு தாழ்ப்பாளைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அழுத்த வேண்டும். அப்போதுதான் வெற்றுக் கோது வெளியே போய் அடுத்த ரவை உள்ளே வரும். கைபிடி வலப்பக்கம். இடது தோளில் பிடங்கை வைத்தவர் என்ன செய்வது? வலது கையைக் கன்னத்து உயரத்துக்குத் தூக்க வேண்டும். சிஞ்ஞோரேயின் கை அங்கே போகாது. அல்லது இடது கையைத் துவக்குக்கு மேலாகத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் தலை எழும்பிவிடும், கண் மானை விட்டுவிடும். இடக்கைக்காரருக்கென்று கைபிடி மாற்றிச் செய்த துவக்குகளும் உண்டாம். அண்ணரிடம் அது இல்லை.

தன் தாழ்ப்பாள் துவக்கைத் தவிர அண்ணரிடம் இருந்தது ஒரு பம்ப் துவக்கு. தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் துவக்கால் மான் சுட அந்த மாநிலத்தில் அனுமதி இல்லை. அதனால் கையால் ஏற்றுவனவற்றுள் வேகமானதை அங்கே பலரும் விரும்பினார்களாம். அதன் கைநூலை அண்ணர் தபாலில் அனுப்பியிருந்தார். நடுப்பக்கத்தை விரித்தபோது நான் அழுத்துப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு பாகமும் தன் அச்சுக்கோட்டில் தள்ளித் தள்ளி நின்றது. குழல், ரவைக்கூடு, இரண்டு இழுதண்டுகள், சுருள்வில், ஊசி, ஆணி, இலக்கமிட்ட ஒவ்வொரு திருகாணி. இப்படி ஒரு படத்தைப் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. கொலரில் பாக இலக்கம் கிடையாது.

"உனக்கு இது விளங்குதோ?" என்றார்.

"உங்களுக்கு மருந்துச்சீட்டு விளங்கிற மாதிரி, சிஞ்ஞோரே. வத்தகப்பழம் மாதிரியில்லை."

சிஞ்ஞோரா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

அந்தப் படத்தின் முன் நான் அந்தத் துவக்கில் மயங்கினேன் என்றால் பிழையில்லை. இரண்டே அசைவு. குழலுக்குக் கீழே இருக்கும் முன்பிடியைப் பின்னால் இழு, முன்னால் தள்ளு. அந்தக் கை எப்படியும் அங்கேதான் இருக்கிறது, எங்கும் போக வேண்டியதில்லை. மற்றக் கை விசையை விட்டு விலக வேண்டியதில்லை. கன்னம் எழும்ப வேண்டியதில்லை. முதல் வெடி தவறினாலும் கண் மானிலேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பிடி நடுவில் இருக்கிறது. நீ எந்தக் கைக்காரி என்று அது கேட்பதில்லை. வெற்றுக் கோது மட்டும் வலப்பக்கமாக, இடக்கைக்காரரின் மூக்குக்கு முன்னால் பறக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். முழு நியாயம் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவருவதில்லை.

குறைகளும் இருந்தன. முன்பிடி கொஞ்சம் ஆடும், கிலுங்கும். குறி தாழ்ப்பாள் வகையளவு துல்லியமில்லை என்பவர்கள் உண்டு. பெரிய குறை மனிதருடையது: அரைவாசி இழுத்துவிட்டுத் திருப்பித் தள்ளினால் கோது வெளியே போகாது, அல்லது புது ரவை வராது. முழுதாக, பலமாக, தயங்காமல் இழுக்க வேண்டும். கதவைத் தட்டிவிட்டுத் திறக்கும் மனிதருக்கு ஏற்ற கருவி இல்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நகரத்தின் கால்சாப் பகுதியில், திருத்த வேலைக்காகச் சாரம் கட்டிய ஒரு பழைய மாளிகைக்குப் பக்கத்தில், அக்கா குடும்பத்தோடு இரண்டு அறையில் இருந்தோம்.

"துவக்கோ?" அக்கா கரண்டியை வைத்துவிட்டாள். "வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம். குவெஸ்தூராவிலை பொலிஸ்காரர் என்ன வேலை எண்டு கேட்டால், துவக்குப் பழக்கிறன் எண்டு சொல்லப்போறியோ?"

"படம்தான் பாத்தனான் அக்கா. தொடமாட்டன்."

அத்தான் எழுந்து வந்தார். அவர் வன்னிக்காரர். பலெர்மோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார், ஆனால் மனதில் இன்னும் இடியன் துவக்கோடுதான் திரிந்தார். இடியன் என்பது வன்னியில் ஊர்க்கொல்லர் செய்துகொடுக்கும், குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடித்து நிரப்பும் துவக்கு.

"மச்சாள், உந்தப் பம்புக்கு எத்தினை வெடி?"

"ரவைக்கூட்டிலை நாலு எண்டு போட்டிருக்கு, அத்தான்."

"நாலோ! மானுக்கோ, மான்ரை குடும்பத்துக்கோ?"

"முதலாவது பிழைச்சால் இரண்டாவது."

"அதென்ன பிழைக்கிறது? இடியனிலை மருந்து போட்டு, தும்பு வைச்சு இடிச்சு, ஈயம் போட்டு, திரும்பவும் தும்பு. ஒரு வெடி. அது பிழைச்சு நீ திரும்ப இடிக்கிறதுக்குள்ளை மான் அடுத்த ஊருக்குப் போய்க் குட்டியும் போட்டிடும். அதாலை நாங்கள் பிழைக்க விடுறேல்லை."

"நீங்கள் எத்தினை மான் சுட்டனீங்கள்?"

"கேள், கேள்," என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து. "கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து எனக்கும் தெரியாது."

"எண்ணிறதுக்கே வேட்டைக்குப் போறது?" என்று அத்தான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் பயிற்சிக்கு ஒரு பொய்த் துவக்கு செய்யப்போகிறேன் என்றதும் முதலில் எழுந்தவரும் அவர்தான். பிரான்காச்சோவில் அவருடைய சிநேகிதர் ஒருவர் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். தும்புத்தடியின் தடிதான் குழல். அதில் பிளாஸ்டிக் குழாயைக் கோத்து, முன்னுக்கும் பின்னுக்கும் தடுப்பாணி அடித்து, கைநூலில் இருந்த அளவுக்கு ஓட விட்டேன். கதிரையின் முதுகுப்பலகையை அறுத்துப் பிடங்கு ஆக்கினோம். ஜாம் போத்தல் மூடியைப் பின் தடுப்பில் பொருத்தியது என் சொந்த யோசனை. குழாயை முழுதாக இழுத்து மோதினால்தான் மூடியின் நடுக்குமிழ் "டிக்" என்று உள்ளே போகும். அரைவாசி இழுத்தால் சத்தம் வராது.

"கொஞ்சம் பெரிசா இருக்கு," என்றார் அத்தான், ஒரு கண்ணை மூடிப் பார்த்தபடி. பிறகு குழாயை இழுத்தார். டிக். திரும்ப இழுத்தார். டிக். பஸ் வரும்வரை அதை என் கையில் தரவில்லை.

திங்கட்கிழமை காலை அதை ஒரு பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். எதிர்க் கட்டடத்தில் மாஃபியா வழக்குகளை விசாரிக்கும் ஒரு நீதவான் குடியிருந்ததால் மூலையில் எப்போதும் இரண்டு இராணுவத்தினர் நிற்பார்கள். ஒருவர் என்னை நோக்கிக் கையைக் காட்டினார். அவர் வாயைத் திறக்குமுன் என் பெர்மெஸ்ஸோ கையில் வந்திருந்தது. இந்தப் பழக்கம் இத்தாலியில் பழகியதில்லை.

"இதென்ன?"

"ஸ்கோப்பா," என்றேன். தும்புத்தடி. போர்வையை விரித்துக் காட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். குழாயை இழுத்தார். டிக். மற்றவரைக் கூப்பிட்டார். அவரும் இழுத்தார். நெஞ்சுக்குக் குறுக்கே உண்மையான துவக்குகள் தொங்க, இரண்டு பேரும் என் தும்புத்தடியை மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பம்ப் துவக்கின் கவர்ச்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. ஒருமுறை இழுத்தவர் இரண்டாம் முறையும் இழுக்காமல் கீழே வைக்கமாட்டார்.

பயிற்சி வீட்டுக்குள், அறைகளுக்கு நடுவே போகும் நீண்ட ஓடையில் நடந்தது. ஓடையின் முடிவில் நின்ற தொப்பி மாட்டும் மரம் மான். கிளைகள் இருந்தன, வேறென்ன வேண்டும்? யன்னல் பக்கம் திரும்பக்கூடாது என்று சிஞ்ஞோரா கட்டளையிட்டிருந்தார். கீழே நிற்பவர்களுக்கு எல்லாத் தும்புத்தடியும் பகிடியாகத் தெரியாது. சிஞ்ஞோரே இடது தோளில் பிடங்கை வைத்து, கன்னத்தைப் பதித்து, வலது கையால் முன்பிடியை இழுத்தார். சத்தம் வரவில்லை.

"முழுக்க இழுக்கேல்லை."

"இழுத்தனான்."

"மூடி கதைக்கேல்லையே."

திரும்ப இழுத்தார். கண்ணாடிச் சீசாக்கள் நிறைந்த இலாச்சியை வெளியே எடுப்பது போல இழுத்தார்.

"சிஞ்ஞோரே, இது மருந்துக்கடை இலாச்சியில்லை."

"உடைஞ்சால்?"

"தும்புத்தடி. உடைஞ்சால் திருத்திறன். இழுங்கோ."

டிக் என்ற முதல் சத்தம் வர ஒரு கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு அவரை நிறுத்துவதுதான் பிரச்சினை. தொலைபேசி மணி அடித்தாலும் அதை ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் எடுக்கப் போவார்.

ஆனால் சிஞ்ஞோரா கேட்டது இதை அல்ல. யோசிக்காத நேரத்தில் எந்தக் கை வரும் என்பதுதான் அவருடைய கேள்வி. அவர் திடீர் திடீரென்று சோதித்தார். மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒரு தோடம்பழத்தை எறிவார். சிஞ்ஞோரேயின் வலது கை, பாவம், எழும்பக்கூடிய அளவுக்கு எழும்பித் துடிக்கும். பழம் நிலத்தில் உருளும்.

"அண்ணர் செத்தார்," என்பார் சிஞ்ஞோரா, அமைதியாக.

தும்மல் வந்தால் கைக்குட்டைக்கு வலது கை. அண்ணர் செத்தார். படியில் சறுக்கியபோது கைபிடிக்கு வலது கை. அண்ணர் செத்தார். ஒரு புரட்டாதி மாதத்துக்குள் அந்த மனிதர் பென்சில்வேனியாவில் எத்தனை முறை செத்தார் என்று அவருக்கே தெரியாது.

"துவக்கோடை மட்டும் பழகினால் காணாது," என்று நான் சொன்னேன். "நாள் முழுக்க இடக்கைக்காரராய் இருக்கவேணும்." குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு பட்டியலை ஒட்டினேன். சவரம், பல் தீட்டுவது, கோப்பி கலக்குவது, திறப்பு, சட்டைப் பொத்தான், பத்திரிகை புரட்டுவது, முள்ளுக்கரண்டி. அவர் நின்று வாசித்தார்.

"இவ்வளவுதானோ?"

"எல்லாம், சிஞ்ஞோரே. இதிலை இல்லாததும். கை நீட்டிற எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்."

மருந்துக்கடைக்காரர் மருந்துச் சீட்டைப் பின்பற்றுவது போல அவர் பின்பற்றினார். சட்டை முழுக்கக் கோப்பி. தாடையில் வெட்டுக்காயம். கையெழுத்தைப் பார்த்து வங்கியில் சந்தேகப்பட்டார்கள். ஐப்பசியில் தோடம்பழம் பத்தில் ஆறு இடது கைக்கு வந்தது. மிச்சம் நாலில் அண்ணர் செத்துக்கொண்டிருந்தார். விமானச் சீட்டுக்குச் சொல்லவேண்டிய கடைசி நாள் நெருங்கியது. சிஞ்ஞோரா தோடம்பழங்களை எறிந்துகொண்டே இருந்தார். போகலாமோ என்று சிஞ்ஞோரே கேட்கவில்லை. ஆனால் அண்ணர் தொலைபேசி எடுத்த நாட்களில், "பாப்பம், பாப்பம்" என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கருவியிலிருந்து கையை எடுக்காமல் நிற்பார். சரியாக இடது கையைத்தான் வைத்திருப்பார்.

அந்த வாரக் கடைசியில் அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள். சிஞ்ஞோராதான் அவளுக்குப் பள்ளிக்கூட உடுப்புகள் தந்தவர். ஆகவே இரண்டு பேரையும் அக்கா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். இரண்டு அறைக்குள் எத்தனை பேர் கொள்ளும் என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. மேல்மாடியிலிருந்த மன்னார்க் குடும்பம், அத்தானின் பட்டறைச் சிநேகிதர், பிள்ளைகள், பலூன்கள், வடைச் சட்டி. சிஞ்ஞோராவை நல்ல கதிரையில் இருத்தினோம். சிஞ்ஞோரே ஒரு சின்னப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே தங்கத் தோடு.

கேக் வெட்டி முடிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். யாரோ பிறந்தநாள் பிள்ளையைச் சிஞ்ஞோரேக்கு முன்னால் தள்ளினார்கள். யாரோ படம் எடுக்க "இஞ்சை பாருங்கோ, இஞ்சை!" என்று கத்தினார்கள். அதே நேரம் அவருடைய காதுக்குப் பக்கத்தில் ஒரு பலூன் படீரென்று வெடித்தது. ஒரு குவளை சோடா அவருடைய சப்பாத்தில் கொட்டியது. சிஞ்ஞோரே துள்ளினார், திரும்பினார், பெட்டியைப் பிள்ளையிடம் நீட்டினார்.

இடது கையால்.

அக்காவின் சிரிப்பு முகத்திலேயே நின்று காய்ந்தது. மன்னார் அன்ரி, "பிறந்தநாள் அண்டைக்கோ..." என்று முணுமுணுத்தார். அத்தான் விட்டத்தைப் பார்த்தார்.

பிள்ளை மட்டும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தாள். "நோன்னோத் தாத்தா, அது பீச்சக் கை! சோத்துக் கையாலை தாங்கோ." அவருக்குத் தமிழ் விளங்காது என்று நினைவு வந்ததும், பலெர்மோ சந்தைக்காரியின் இழுவையோடு அதையே இத்தாலியனிலும் சொன்னாள். கழுவுகிற கையால் பரிசு தரக்கூடாதாம்.

சிஞ்ஞோரே பெட்டியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாத்துக்கும் என்று நான் சொன்னது அப்போதுதான் எனக்குள் திரும்பக் கேட்டது. கொடுப்பது அந்த 'எல்லாம்' என்பதற்குள் வரும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியிருக்காது. அவருக்கோ, வராது என்று எப்படித் தோன்றும்?

"என்ன நடந்தது?" என்றார் சிஞ்ஞோரா. "ஏன் எல்லாரும் கோயிலிலை நிக்கிற மாதிரி நிக்கிறியள்?"

நான் விளக்கினேன். இடது கையால் கொடுப்பது எங்களிடம் அவமரியாதை, அவரில் பிழையில்லை, நான்தான் எல்லாத்துக்கும் என்று பழக்கினேன். சிஞ்ஞோரா நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கணவருடைய கையைப் பார்த்தார். வெடித்த பலூனைப் பார்த்தார். சோடா சொட்டும் சப்பாத்தைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. நல்ல கதிரை கிறீச்சிட்டது. கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, விரலை உயர்த்தி அறிவித்தார்:

"அண்ணர் தப்பினார்."

சிஞ்ஞோரேக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. எனக்கு அரைக் கணம். மற்ற யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஏன் கண் கலங்கி நிற்கிறார், அவருடைய மனைவி ஏன் அவமரியாதைக்குக் கைதட்டுகிறார் என்று நான் இரண்டு மொழியில் சொல்லி முடிக்க வடை ஆறிவிட்டது.

"அப்ப, எங்கடை வீட்டிலை பிழை விட்டுத்தான் அவருக்குச் சோதினை பாஸோ?" என்றார் அத்தான்.

"ஓம், அத்தான்."

"நல்ல சோதினை."

சிஞ்ஞோரே முழந்தாளிட்டு, பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி, பெட்டியை வலது கைக்கு மாற்றி, பல்லைக் கடித்தபடி நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். அக்காவின் முகம் இளகியது. ஆனால் அவருக்கு வைத்த பாயாசத்தில் ஒரு முந்திரிகைப்பருப்பும் இல்லாததை நான் கவனித்தேன். இரண்டாம் முறை விட்டபோது போட்டாள்.

அவர் கார்த்திகையில் போனார், மார்கழியில் திரும்பினார். கதை கேட்க அத்தானும் என்னோடு வந்திருந்தார். சமையலறை மேசையில் சிஞ்ஞோரே சொல்ல நான் மொழிபெயர்த்தேன். போன அன்று அண்ணர் அவரைக் கடதாசி இலக்கில் சுடவைத்துப் பார்த்தாராம். பிறகு இரண்டு நாள் குளிர் மட்டும். மூன்றாம் நாள் வெள்ளை வாலோடு ஒரு ஆண் மான் மரங்களுக்குள்ளிருந்து வந்தது. முதல் வெடி மரத்துக்கு.

"மரத்துக்கோ?" அத்தான் நிமிர்ந்தார்.

மான் ஒரு பாய்ச்சல் பாய்ந்து நின்றது. சிஞ்ஞோரே முன்பிடியை இழுத்தார், இலாச்சி போல அல்ல. காதுக்குள் டிக் என்று கேட்டதாம். உண்மையான துவக்கில் மூடி கிடையாது, ஆனாலும் கேட்டதாம். கன்னம் எழும்பவில்லை. இரண்டாவது வெடிக்கு மான் விழுந்தது. அண்ணர் அப்போதுதான் தன் தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கிழவர்களும் பனியில் உட்கார்ந்து, யார் அதிகம் அழுதது என்று இன்னும் முடிவாகாத விதமாக அழுதார்கள்.

"கேள்," என்றார் அத்தான் என்னிடம். "வன்னியிலை மரத்துக்கு வெடி வைச்சவனுக்கு ஒருத்தரும் இறைச்சி காய்ச்சிக் குடுக்கமாட்டினம் எண்டு சொல்லு. இறைச்சி எங்கை எண்டும் கேள்."

இறைச்சி அண்ணருடைய குளிர்பெட்டியில் இருந்தது. அத்தான் தலையை ஆட்டினார். ஆதாரம் இல்லாத வேட்டைக்காரர் என்ற வகையில் அவருக்குச் சிஞ்ஞோரே மேல் ஒரு புதிய நெருக்கம் வந்ததைக் கண்டேன்.

தும்புத்தடி தன் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பியிருந்தது. தும்பைத் திரும்ப மாட்டிவிட்டேன், ஆனால் குழாயையும் மூடியையும் கழற்ற சிஞ்ஞோரே விடவில்லை. ஓடை கூட்டும்போது அது கிலுங்கும்.

நாங்கள் புறப்படும்போது அவர் ஓடையில் என்னை நிறுத்தினார். கையில் அந்தக் கைநூல், நடுப்பக்கம் துவக்கெண்ணெயில் தோய்ந்து. "உனக்கு," என்று இடது கையால் நீட்டினார். நீட்டிய பாதியில் நினைவு வந்துவிட்டது. அவசரமாக வலது கைக்கு மாற்றினார். அவர் முதலில் நீட்டிய கையை மதிக்க வேண்டும் என்று நானோ வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை வாங்க இடது கையை நீட்டியிருந்தேன். அதைக் கண்டு அவர் திரும்ப இடது கைக்கு மாற்ற, நான் வலது கைக்கு மாற்ற, கைநூல் நடுவில் தொப்பென்று விழுந்தது.

சமையலறையிலிருந்து சிஞ்ஞோராவின் குரல் வந்தது.

"இப்ப ஆர் செத்தது?"